பஸ் எங்கேம்மா நிக்கும்?

பெரிய கல்வி நிறுவனங்களின் நோட்டீஸ் போர்டை எப்போதாவது நின்று படித்திருக்கிறீர்களா? மெஸ் பாக்கி, தொலைந்துபோன ஐ.டி. கார்டு, 'நல்ல நிலையில் சைக்கிள் விற்பனைக்கு'... இதற்கெல்லாம் நடுவே ஒரு வெள்ளைத் தாளைக் குத்தி வைத்திருப்பார்கள். மேலே ஒரு பெயர். பெயருக்குக் கீழே 'ஆராய்ச்சி மாணவர், இயற்பியல்' என்றோ, 'பயன்பாட்டுக் கணிதம்' என்றோ இருக்கும். அப்புறம் தலைப்பு, இரண்டு வரி. அதில் 'ஒரு', 'மற்றும்' இரண்டைத் தவிர நமக்குத் தெரிந்த வார்த்தை எதுவும் இருக்காது. இடம், நாள், நேரம். கடைசி வரி மட்டும் எல்லோருக்கும் புரியும்: 'தேநீர் 3.45-க்கு.'

நான் பி.காம். பிழைப்பு பத்திரிகை. இருபது வருஷத்தில் நான் உட்காராத கூட்டம் பாக்கியில்லை. கட்சி மாநாடு, பாட்டு வெளியீடு, நகைக்கடைத் திறப்பு, புத்தக விழா... எல்லாவற்றுக்கும் இலக்கணம் ஒன்றுதான். குத்துவிளக்கு, பொன்னாடை, 'அவர்களே... அவர்களே' என்று பத்து நிமிஷம். நன்றியுரை சொல்கிறவர் எழுந்திருக்கும்போது எதிரே காலி நாற்காலிகள்தான் இருக்கும். கேள்வியா? மூச்!

இந்த நோட்டீஸ் போர்டுக் கூட்டம் மட்டும் வேறு ரகம். பொன்னாடை கிடையாது. பேசுகிறவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு. கேட்கிறவர்கள் அவரைவிட முப்பது வருஷம் மூத்தவர்கள். பாதிப் பேச்சில் குறுக்கிடலாம். "ரெண்டாவது வரியில மைனஸ் வரணுமே" என்று சொல்லலாம். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்ய மாட்டார்கள். முன் வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டிருப்பார். தூங்குகிறார் என்று நினைப்பீர்கள். கடைசியில் அவர்தான் முதல் கேள்வியைக் கேட்பார்.

நேரக் கணக்கும் கறார். அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் மாதக் கூட்டங்களில் பேச்சுக்கு 10 நிமிஷம், கேள்விக்கு 2 நிமிஷம் என்பது வழக்கம். நாலு வருஷ உழைப்பைப் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க வேண்டும். இதைவிடக் கொடுமையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008-ல் ஒரு போட்டி ஆரம்பித்தார்கள். 'மூன்று நிமிட ஆய்வேடு' என்று பெயர். ஒரே ஒரு ஸ்லைடு, மூன்றே நிமிஷம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? குளியலறையிலிருந்து! அப்போது அந்த மாநிலத்தில் கடுமையான வறட்சி. ஷவரில் மூன்று நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று ஜனங்கள் மணல் கடிகாரம் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். 'மூன்று நிமிஷத்தில் குளிக்க முடிகிறதென்றால், ஆராய்ச்சியைச் சொல்ல முடியாதா?' என்று அங்கே ஒருவருக்குத் தோன்றிவிட்டது. இன்று அந்தப் போட்டி பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்த சென்னைவாசிகளுக்கு இது சுலபமாகப் புரியும்.

சரி, இருபத்தைந்து வயசுப் பையனோ பெண்ணோ கரும்பலகை முன்னால் நிற்பதில் அப்படி என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இரண்டு கதை சொல்கிறேன். இரண்டுமே நிஜம்.

* * *

முதல் கதை பிரின்ஸ்டனில் நடந்தது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். ரிச்சர்ட் ஃபைன்மன் அப்போது ஆராய்ச்சி மாணவர், இருபத்திரண்டு வயது சொச்சம். அவருடைய கைடு ஜான் வீலர், "நாம ரெண்டு பேரும் செஞ்ச வேலையைப் பத்தி நீ ஒரு செமினார் கொடு, பழக்கமாகும்" என்றார். மின்துகள்கள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பது விஷயம். அதில் அலைகள் காலத்தில் முன்னாலும் போகும், பின்னாலும் வரும். கேட்டாலே தலை சுற்றுகிற சமாசாரம்.

ஃபைன்மனுக்கு அதுதான் முதல் பேச்சு. யார் யார் கேட்க வருகிறார்கள் என்று விசாரித்தார். வான் நாய்மன் வருகிறார். பாலி வருகிறார். இது போதாதென்று ஐன்ஸ்டீனும் வருகிறார்! முதல்முறை கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவனை அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு இறக்கிவிட்ட மாதிரி.

முன்கூட்டியே போய்ப் பலகையில் சமன்பாடுகளை எழுதிக்கொண்டிருந்தபோது ஐன்ஸ்டீன் உள்ளே வந்தாராம். வணக்கம் சொல்லிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, டீ எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுதான். குறிப்புகளை உறையிலிருந்து எடுக்கும்போது கை நடுங்கியதென்று ஃபைன்மனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆனால் பேச ஆரம்பித்து, இயற்பியலைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே மறந்துபோய்விட்டதாம்.

பேச்சு முடிந்ததும் பாலி எழுந்து, இந்தக் கொள்கை சரிப்பட்டு வராது என்று காரணங்களை அடுக்கினார். ஐன்ஸ்டீன் பக்கம் திரும்பி, நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள்தானே என்றார். ஐன்ஸ்டீன் ஒப்புக்கொள்ளவில்லை. ஈர்ப்பு விசைக்கு இதேபோல் ஒரு கொள்கை செய்வது கஷ்டம், அவ்வளவுதான் என்று மென்மையாகச் சொன்னார். கடைசியில் என்ன ஆயிற்று? பாலி சந்தேகப்பட்டதுதான் சரி. வீலர் எதிர்பார்த்தபடி அந்தக் கொள்கையின் குவாண்டம் வடிவம் கைகூடவே இல்லை. ஆனால் அதில் முட்டி மோதியதில் கிடைத்த யோசனைகள் ஃபைன்மனுக்குப் பிற்பாடு கைகொடுத்தன. 1965-ல் நோபல் பரிசு.

இரண்டாவது கதை லண்டனில், 1962 செப்டம்பரில். குவீன் மேரி கல்லூரியில் குளிர்நிலை இயற்பியல் மாநாடு. ஒரு பக்கம் கேம்பிரிட்ஜின் ஆராய்ச்சி மாணவர் பிரையன் ஜோசப்சன், வயது 22. இன்னொரு பக்கம் அமெரிக்காவின் ஜான் பார்டீன், வயது 54. டிரான்சிஸ்டருக்காக 1956-லேயே நோபல் வாங்கியவர். சூப்பர் கண்டக்டர் எப்படி வேலை செய்கிறதென்று உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர். அதே சூப்பர் கண்டக்டரைப் பற்றித்தான் பையன் பேசுகிறான். இரண்டு சூப்பர் கண்டக்டருக்கு நடுவே மெல்லிசாக ஒரு தடுப்பு வைத்தால், எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக அந்தத் தடுப்பை ஊடுருவும். மின்னழுத்தமே இல்லாமல் மின்சாரம் ஓடும் என்கிறான்.

அப்படி நடக்காது என்று பார்டீன் முன்பே எழுதியிருந்தார். மாநாட்டிலும் எழுந்து அதையே சொன்னார். ஜோசப்சன் மரியாதையாகத் தன் கணக்கைச் சொன்னார். கூச்சல் இல்லை, கைகலப்பு இல்லை. அடுத்த வருஷமே பெல் ஆய்வகத்தில் சோதனை செய்து பார்த்தார்கள். பையன் சொன்னதுதான் நடந்தது. பார்டீனும் தன் எதிர்ப்பை விலக்கிக்கொண்டார். 1973-ல் ஜோசப்சனுக்கு நோபல். பார்டீன் லேசுப்பட்டவர் இல்லை. 1972-ல் இரண்டாவது நோபலும் வாங்கினார். இயற்பியலில் இரண்டு நோபல் வாங்கிய ஒரே ஆள் இன்றுவரை அவர்தான்.

பாருங்கள், முதல் கதையில் பெரியவர் சொன்னது சரி. இரண்டாவதில் பையன் சொன்னது சரி. யார் சரி என்பதை வயசு தீர்மானிக்கவில்லை, பட்டம் தீர்மானிக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒன்று நடந்தது. ஒருத்தர் எழுந்து கேட்டார்.

* * *

'இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் நடக்கும்' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். மயிலாப்பூரிலும் நடந்திருக்கிறது.

அரசியல் சட்டத்தை எழுதிய குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய வீட்டுக்கு 'ஏகாம்ர நிவாஸ்' என்று பெயர். அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். 1957-58-ல் ஒரு வருஷம் பிரின்ஸ்டனில் இருந்தார். அங்கே ஓப்பன்ஹைமர் தலைமையில் நடந்த செமினார்களைப் பார்த்துச் சொக்கிப்போனார். ஊர் திரும்பியதும், ஆராய்ச்சி மாணவர்களைத் தன் வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டார். பெரிய கூடம், கரும்பலகை, சாக்பீஸ். புதிதாக வந்த கட்டுரைகளைப் படித்துவிட்டு மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து விளக்க வேண்டும். வெளிநாட்டு விஞ்ஞானி யாராவது சென்னைப் பக்கம் வந்தால் அவரையும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்.

1960 ஜனவரியில் அப்படி வந்தவர் நீல்ஸ் போர். அணுவுக்குள் என்ன இருக்கிறதென்று நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோமே, அந்த போர்! இந்தியாவில் உங்களைக் கவர்ந்தது என்ன என்று நிருபர்கள் கேட்டபோது இரண்டைச் சொன்னார். ஒன்று, டிராம்பேயில் இருந்த பிரம்மாண்டமான அணுசக்தி நிலையம். இன்னொன்று, சென்னையில் ராமகிருஷ்ணனைச் சுற்றி இருந்த சின்ன மாணவர் கூட்டம். ஒரு பக்கம் அரசாங்கம் கோடிகளைக் கொட்டிக் கட்டியது. இன்னொரு பக்கம் ஒரு வீட்டுக் கூடம்.

விஷயம் டெல்லிக்குப் போயிற்று. அப்போதைய மாநிலக் கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் ஏற்பாட்டில் மாணவர்கள் பிரதமர் நேருவைச் சந்தித்தார்கள். 1962 ஜனவரி 3-ம் தேதி, பிரசிடென்சி கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடங்கிவைத்தவர் விண்வெளி இயற்பியல் மேதை சுப்பிரமணியன் சந்திரசேகர். இன்று அது தரமணியில் இருக்கிறது. அங்கே செமினார் நடக்கிற ஒரு ஹாலுக்கு ராமகிருஷ்ணன் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மாணவர்களைப் பேசவிட்டு, குறுக்கே கேள்வி கேட்ட ஒரு வீட்டுக் கூடம் ஒரு நிறுவனமாக வளர்ந்த கதை இது.

இப்படிப்பட்ட ஊரில் இன்று என்ன நடக்கிறது? இங்கேதான் என் அக்கா மகள் வருகிறாள்.

* * *

அவள் பயன்பாட்டுக் கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய விஷயம் டிராஃபிக் ஜாம். சிரிக்காதீர்கள். 1955-லேயே இங்கிலாந்தில் லைட்ஹில், விதம் என்று இரண்டு கணித மேதைகள், சாலையில் போகிற வண்டிகளை ஆற்றில் போகிற வெள்ளம் மாதிரி பாவித்து சமன்பாடு எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம் இது ஒரு பெரிய துறையாகவே வளர்ந்துவிட்டது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை. வெளியூரில் ஒரு மாநாட்டில் பேசிவிட்டு அன்று காலைதான் ரயிலில் வந்திறங்கியிருந்தாள்.

"என்னம்மா, சொதப்பிட்டியா?"

"இல்ல மாமா. நல்லாத்தான் பேசினேன். யாருமே ஒரு கேள்வி கூட கேக்கல."

"நல்லதுதானே? தப்பிச்சே."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நாலரை வருஷம் மாமா. கேள்வி இருக்கான்னு சேர்மன் கேட்டாரு. எல்லாரும் வாட்ச்சைப் பார்த்தாங்க. கை தட்டினாங்க. சர்டிஃபிகேட் குடுத்து போட்டோ எடுத்தாங்க. அவ்ளோதான். தப்புன்னாவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். பேசாம விட்டுட்டு ஏதாவது ஐ.டி. கம்பெனியில சேர்ந்துடலாம்னு இருக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

விசாரித்தபோது பின்னணி புரிந்தது. பி.எச்டி. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு மாநாடுகளிலாவது கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் ஒரு விதி போட்டது. நல்ல எண்ணத்தில் போட்டதுதான். ஆனால் நம் ஊரில் விதி ஒன்று வந்தால், அதைப் பூர்த்தி செய்துதரும் கடை ஒன்று பின்னாலேயே திறக்குமே! பதிவுக் கட்டணம் கட்டு, பை வாங்கிக்கொள், பத்து நிமிஷம் பேசு, சர்டிஃபிகேட்டோடு வீட்டுக்குப் போ. 2022-ல் வந்த புது விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. கடைகளை மட்டும் இன்னும் மூடவில்லை. எல்லா மாநாடும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நல்ல மாநாடுகளும் இருக்கின்றன. ஆனால் கேள்வி வந்தால் நேரமாகும், நேரமானால் சாப்பாடு தாமதமாகும் என்கிற மாநாடுகளும் நிறைய.

இன்னொரு காரணமும் உண்டு. அது நம் ரத்தத்திலேயே இருக்கிறது. கேட்டால் பேசுகிறவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ? அவருடைய கைடு நமக்கு வேண்டியவராச்சே? எல்லோருக்கும் புரிந்து நமக்கு மட்டும் புரியவில்லையோ? இப்படி அறுபது பேரும் ஆளுக்கொரு காரணத்தோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். மரியாதை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

மாஸ்கோவில் கெல்ஃபான்ட் என்று ஒரு கணித மேதை இருந்தார். 1943 முதல் பல பத்து வருஷங்கள் திங்கள்கிழமைதோறும் மாலையில் செமினார் நடத்தினார். அவர் ஒரு வழி வைத்திருந்தார். கூட்டத்திலிருந்து ஒருத்தரை 'சோதனைக் கேட்பாளர்' என்று நியமித்துவிடுவார். அந்த ஆளுக்குப் புரிகிறதா என்று நடுநடுவே கேட்பார். சமயத்தில் பலகைக்கே வரச்சொல்லி, பேசியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். அவருக்குப் புரியவில்லை என்றால் பேச்சு நகராது. அதாவது, 'புரியலை' என்று சொல்வதையே ஒருத்தருக்கு உத்தியோகமாகக் கொடுத்துவிட்டார்!

அந்த உத்தியோகத்தை நான் எடுத்துக்கொண்டேன். பி.காமைவிடத் தகுதி வேறென்ன வேண்டும்?

* * *

எங்கள் ஹாலில் டி.வி.யில் லேப்டாப்பை மாட்டினாள். பார்வையாளர்கள் நான், என் மனைவி, காபி டம்ளர்கள்.

முதல் ஸ்லைடு அருமை. ஜப்பானில் ஒரு சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்களாம். 230 மீட்டர் சுற்றளவில் வட்டமாக ஒரு பாதை. அதில் 22 கார்கள். எல்லோரும் சீராக, மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும். சிக்னல் கிடையாது, பள்ளம் கிடையாது, குறுக்கே மாடு கிடையாது. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் யாரோ ஒருத்தர் துளி வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, அதற்குப் பின்னால் வந்தவர் பிரேக்கே போட... காரணமே இல்லாமல் ஜாம்! கார்கள் முன்னால் போகின்றன. ஆனால் ஜாம் மட்டும் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் போகிறது.

"நிறுத்து. ஜாம் எப்படிம்மா பின்னால போகும்?"

"ரேஷன் கடை க்யூ மாதிரி மாமா. முன்னாடி நிக்கறவர் நகர்றார்னு வைங்க. அந்த இடம் காலியாகும். அதுக்குப் பின்னாடி இருக்கறவர் நகர்வார். ஆளுங்க எல்லாம் முன்னாடிதான் போறாங்க. ஆனா அந்தக் காலி இடம் ஒவ்வொருத்தரா பின்னாடி போகுதில்ல? அந்த மாதிரி பிரேக் போடறதும் பின்னாடி போகும்."

"ஸ்லைடுல இந்த க்யூ எங்கே?"

இல்லை. மூன்றாவது ஸ்லைடில் நேராக ஒரு சமன்பாடு வந்து நின்றது. அதில் கிரேக்க எழுத்துகள் மட்டும் ஏழு. என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மாநாட்டில் அறுபது பேரும் எந்த இடத்தில் மானசீகமாக எழுந்து போனார்கள் என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது.

அவளுடைய சொந்த வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஜப்பான் சோதனையில் கார்கள் வரிசையாகப் போகின்றன. நம் ஊரில் வரிசை ஏது? காருக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தால் பைக் புகுந்துவிடும். அப்படிப் புகும்போது அந்த ஜாம் அலை பெரிதாகுமா, அடங்குமா, எப்போது எது நடக்கும் என்பதுதான் அவள் கணக்கு. இதைக் கேட்டதும் உள்ளே போன என் மனைவி திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். தினமும் ஸ்கூட்டியில் வடபழனி தாண்டுகிறவள் ஆயிற்றே!

நாலு ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. சமன்பாடு எங்கும் போகவில்லை. க்யூவுக்கும் பைக்குக்கும் பின்னால் போய் நின்றுகொண்டது, அவ்வளவுதான்.

* * *

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் துறையில் எல்லோர் முன்னிலையிலும் பேச வேண்டும். அது இன்றைக்கும் கட்டாயம். ஆசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் வந்து கேட்கலாம். அவளுடைய கைடிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அக்கா வரவில்லை. "எனக்கென்னடா புரியப்போவுது? முடிச்சுட்டாளான்னு மட்டும் போன்ல சொல்லு" என்றுவிட்டாள். அவளுக்கு இது கல்யாணத்துக்கு முன்னால் குறுக்கே நிற்கிற கடைசி சிக்னல்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இவர்களுக்கு மத்திய அரசு தருகிற உதவித்தொகை மொத்தம் ஐந்து வருஷம்தான். அவளுக்கு அது முடிய மூன்று மாதமே பாக்கி. அன்றைக்கு எல்லாம் சுமுகமாக முடிந்தால்தான் நல்லது.

நன்றாகவே பேசினாள். குரல் முதலில் நடுங்கியது. ரேஷன் கடை வந்ததும் சிரிப்பு எழுந்தது. அப்புறம் நடுக்கம் போய்விட்டது. முடித்ததும் முன் வரிசையில் ஏ.சி.க்குப் பயந்து மஃப்ளர் சுற்றிக்கொண்டு கண்ணை மூடியிருந்த பெரியவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரிம்மா. உன் ரோட்டுல பஸ் எங்கேம்மா நிக்கும்?"

ஹாலில் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. எனக்கே புரிந்துவிட்டது. அவள் கணக்கில் எல்லா வண்டிகளும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நிஜ ரோட்டில் நட்ட நடுவே ஒரு மாநகரப் பேருந்து நிற்கும். அந்த ஒன்று நின்றால், சுற்றியிருக்கிற பைக் எல்லாம் வேறு மாதிரி புகும். அப்போது அவள் கண்டுபிடித்தது நிற்குமா, விழுமா?

மழுப்பியிருக்கலாம். 'இது என் ஆய்வின் எல்லைக்கு வெளியே' என்று ஒரு வாக்கியம் இருக்கிறதாம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்களாம். மூன்று மாதம் பாக்கி இருக்கிற யாரும் அதைச் சொன்னால் நாம் குறைசொல்ல முடியாது.

பலகையைப் பார்த்தாள். கைடைப் பார்த்தாள். "தெரியலை சார்" என்றாள். "பஸ் நின்னா ரெண்டாவது முடிவு மாறலாம்னு இப்பத்தான் தோணுது. கணக்குப் போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

பெரியவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மஃப்ளரை அவிழ்த்துவிட்டு எழுந்து, பலகைக்கே போய்விட்டார். அடுத்த இருபது நிமிஷம் அவரும் அவளும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் சாக்பீஸைக் கைமாற்றிக் கைமாற்றி ஏதோ போட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நாலரை வருஷமாக அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்பது மட்டும் விளங்கியது.

நாங்கள் பி.காமில் படித்த பாடம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வருஷக் கடைசியில் டெபிட்டும் கிரெடிட்டும் ஒத்துப்போகாவிட்டால், அந்த வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று தனியாக எழுதி வைக்க வேண்டும். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் அதை மூடலாம். அவசரத்துக்கு ஏதோ ஒரு செலவில் தள்ளி டேலி காட்டுகிறவன் நல்ல கணக்கன் இல்லை. பத்திரிகையாளர் சந்திப்புகளில் இருபது வருஷமாக மைக் நீட்டுகிறேன். மந்திரியோ, தொழிலதிபரோ, நடிகரோ, 'தெரியலை, பார்த்துட்டுச் சொல்றேன்' என்று சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சபை நடுவே சஸ்பென்ஸ் அக்கவுன்ட் திறக்கிற தைரியத்தை அந்தச் சின்னப் பெண்ணிடம்தான் பார்த்தேன்.

அந்தத் தைரியத்துக்கு விலையும் உண்டு. ஆய்வேடு தள்ளிப்போயிற்று. உதவித்தொகை நின்றுவிட்டது. இப்போது மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். காலையில் எட்டே முக்காலுக்கு, ஸ்டாப்வாட்ச்சும் நோட்டுமாக ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்று, எந்த பஸ் எத்தனை விநாடி நிற்கிறது, அதற்குள் எத்தனை பைக் புகுகிறது என்று எண்ணுகிறாள். அக்கா என்னைக் கூப்பிட்டுப் புலம்புகிறாள். "டாக்டர் பட்டம் வாங்கப்போறான்னு பார்த்தா, ரோட்டுல நின்னு பஸ்ஸை எண்ணிட்டிருக்காடா!"

முடிவு அவள் பக்கம் வருமா, தெரியாது. ஃபைன்மனுக்கே பாலி சொன்னதுதான் சரியாயிற்று. ஐ.டி. கம்பெனி பேச்சை மட்டும் அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலோ, எதிர் ஃப்ளாட்டிலோ, சொந்தத்திலோ இப்படி ஒரு பிள்ளை இருக்கும். கல்யாண வீடுகளில் ஓரமாக உட்கார்ந்திருக்கும். 'இன்னுமா படிக்கிறே?', 'எப்போ முடியும்?' என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லி அலுத்துப்போயிருக்கும். அடுத்த முறை பார்க்கும்போது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ என்னதான்மா கண்டுபிடிக்கிறே?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாக்கியம் புரியும். இரண்டாவது அரைகுறையாகப் புரியும். மூன்றாவதில் நிச்சயம் தொலைந்துபோவீர்கள்.

அங்கேதான் நாம் வழக்கமாக, "ஓ... அப்படியா!" என்று தலையாட்டிவிட்டுப் பந்திக்கு எழுந்து போவோம். போகாதீர்கள். "புரியலையேம்மா" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருங்கள்.

பந்தி எங்கேயும் போய்விடாது.